வாங்கிக் கொடுத்தவர் எந்தப் பக்கம்?

சென்ற தவணை முடிவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பத்தாந் தர மாணவரிடையே ஒரு விவாத அரங்கு நடைபெற்றது. நடுவராக அமரும் பேறு எனக்குக் கிட்டியது. "உடற்பருமன் பெருகுவதற்குப் பொறுப்பாளிகள் உண்பவரா, விற்பவரா?" என்பது எடுத்துக்கொண்ட பொருள். இத்தகைய அரங்குகளிலே நடுவனாய் இருப்பவன் இரு கட்சியாரையும் பாராட்டி, ஏதேனும் ஒரு சமாதானம் கூறி, மணியடிக்கு முன்னரே கூட்டத்தை முடித்துவிடுவது வழக்கம். நானும் அந்த எண்ணத்துடனேயே அமர்ந்தேன். அது கைகூடவில்லை. ஏன் கைகூடவில்லை என்பதைக் கூறுவதே இவ்வாரப் பேச்சின் நோக்கமாகும்.

முதற்கட்சியார் நன்றாகவே பேசினர். கையும் நம்முடையது, வாயும் நம்முடையது. எந்தக் கடைக்காரனும் எவருடைய வாயையும் திறந்து கொத்துரொட்டியைத் திணிப்பதில்லை என்றனர். திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரத்தை நினைவூட்டி, மருந்தைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர் அவ்வதிகாரத்திற் பெரும்பகுதியை உணவின் அளவைப் பற்றியே பேசியிருக்கிறார் என்று ஒரு மாணவர் எடுத்துக் காட்டியபோது எனக்கும் பெருமிதமாகவே இருந்தது. எதிர்க்கட்சியார் விளம்பரங்களைப் பற்றிப் பேசினர். தொலைக்காட்சியிலே துடுப்பாட்டம் பார்க்க அமர்ந்தால் ஓவருக்கு ஓவர் குடிபானம் வருகிறது. கைப்பேசியைத் திறந்தால் பொரித்த கோழி வருகிறது. பசியில்லாதவனுக்கும் பசியை உண்டாக்குவதே ஒரு தொழிலாகிவிட்டது என்றனர்.

முதற்கட்சிப் பேச்சாளர் ஒருவர், "வயிற்றைக் கட்ட மாட்டாதவன் கடைக்காரனைக் குறை கூறலாமா?" என்று முழங்கியபோது, பல கண்கள் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவனை நோக்கித் திரும்பின. அவ்வகுப்பிலே உடல் பருத்தவன் அவன். சிலர் சிரித்தனர். அவன் தலை கவிழ்ந்தான். நடுவனாகிய நான் மேசையைத் தட்டி அமைதி வேண்டினேனேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை.

இறுதியிலே, சபையோர் வினாக்கள் கேட்கலாம் என்றேன். அந்த மாணவன் எழுந்தான்.

"சேர், போன மாதம் நாங்கள் வினாடி வினாவில வெண்ட நேரம், எங்களுக்கு ரோல்சும் சோடாவும் நீங்கள்தானே வாங்கித் தந்தனீங்கள்? அப்ப நீங்கள் எந்தப் பக்கம், சேர்?"

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை அந்தச் சிரிப்பு என்னை நோக்கியது. மணியும் அடித்தது. விடை கூறாமலே நான் வெளியேறினேன். அந்த வினா மட்டும் என்னோடு வீடு வரை வந்தது.

அமெரிக்க நீதிமன்றத்திலே

என் மாணவர் எடுத்துக்கொண்ட வழக்கு உலகத்திற்குப் புதியதன்று. 2002ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து நீதிமன்றமொன்றிலே அது உண்மையான வழக்காகவே வந்தது. புறொங்ஸ் பகுதியைச் சேர்ந்த இரு இளம் பெண்பிள்ளைகளின் சார்பிலே மக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வுணவை அடிக்கடி உண்டதனாற் பிள்ளைகள் உடல் பருத்து நோயுற்றனர் என்பதும், உணவின் தீமையை மறைத்து நல்லுணவு போல விளம்பரம் செய்தனர் என்பதும் முறைப்பாடு.

செய்தி வெளியானபோது உலகெங்கும் நகைத்தவர்களே மிகுதி. 'தானே தின்றுவிட்டுத் தருபவன் மேலே வழக்கா?' என்றனர். நீதிபதி ரொபேட் சுவீட் 2003 ஜனவரியில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒன்றை மிகுதியாக உண்டால் தீமை விளையும் என்று ஒருவர் அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்க வேண்டியவராயின், அவருடைய மிகுதியிலிருந்து அவரைக் காப்பது சட்டத்தின் வேலையன்று என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் என் மாணவருள் முதற்கட்சியார் வென்றுவிட்டனர் எனலாம். ஆனால் அதே தீர்ப்பிலே இன்னொரு பகுதியும் உண்டு. அந்நிறுவனம் விற்கும் கோழியிறைச்சித் துண்டங்கள் போன்ற பண்டங்களில், எந்த வீட்டு அடுக்களையிலும் காணப்படாத பல சேர்மானங்கள் இருப்பதை நீதிபதி சுட்டிக் காட்டினார். அத்தகைய பண்டத்தின் தன்மையைச் சாதாரண மனிதன் அறிந்திருப்பான் என்று கொள்ள முடியுமா என்பது வேறு வினா என்றார். அறிந்தவன் மீது பொறுப்பைச் சுமத்தலாம். அறிய முடியாதவன் மீது சுமத்தலாமா? வழக்கின் உயிர்நிலை இதுவே.

அவ்வழக்கு மேன்முறையீட்டிலே 2005இல் ஓரளவு உயிர் பெற்றது. 2010இல் பாதிக்கப்பட்டோர் யாவருக்கும் பொதுவான வழக்காக அதனை நடத்த அனுமதி மறுக்கப்பட்டது. இதற்கிடையில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை 2004 மார்ச்சில், இத்தகைய வழக்குகளையே தடுக்கும் மசோதா ஒன்றை 276 வாக்குகளுக்கு 139 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அதன் பெயரிலேயே 'தனிமனிதப் பொறுப்பு' என்னுஞ் சொற்கள் இருந்தன. 2005இல் மறுபடியும் அச்சபை அதனை நிறைவேற்றியது. செனற் சபை இசையாமையால் அது நாடு முழுவதற்குமான சட்டமாகவில்லை. ஆயினும் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதனையொத்த சட்டங்களைத் தாமே இயற்றிக்கொண்டன.

நேயர்கள் இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தனிமனிதப் பொறுப்பு' என்பது நல்ல சொல். நம் பெரியோர் காலங்காலமாகப் போற்றிய சொல். அந்த நல்ல சொல்லே இங்கு விற்பவரைக் காக்குங் கேடயமாயிற்று. ஒரு சொல்லை யார் சொல்கிறார், யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதையும் பார்த்தே அதனை மதிக்க வேண்டும்.

நாவடக்கம் மட்டும் போதுமா?

'மனத்தை அடக்கினால் போதும்' என்பார்க்கு ஓர் ஆய்வைக் கூற விரும்புகின்றேன். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திலே கெவின் ஹோல் என்பவரும் அவர் குழுவினரும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. வளர்ந்தவர் 20 பேர் அதற்கு உட்பட்டனர். அவர்கள் ஆய்வு நிலையத்திலேயே தங்கியிருந்தனர். இரண்டு வாரம் ஆலையிலே மிகுதியாகப் பதப்படுத்திய உணவுகள் கொடுக்கப்பட்டன; மற்ற இரண்டு வாரம் இயல்பான பொருள்களிலிருந்து சமைத்த உணவுகள் கொடுக்கப்பட்டன. இரு வகையிலும் முன்வைக்கப்பட்ட உணவிலே சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஆகியவற்றின் அளவு ஒத்திருக்குமாறு செய்தனர். 'வேண்டிய அளவு உண்ணலாம்' என்பது மட்டுமே விதி.

விளைவு யாது? ஆலையுணவு உண்ட காலத்திலே அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர், விரைவாகவும் உண்டனர். இரண்டு வாரத்திலே ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடியது. இயல்பான உணவு உண்ட காலத்திலே ஏறத்தாழ அதே அளவு எடை குறைந்தது. மனிதர் அவர்களே, மனவுறுதியும் அதுவே, மாறியது தட்டிலிருந்த உணவு மட்டுமே. இது சிறிய ஆய்வு, சில வாரங்களே நடந்தது என்பது உண்மை. ஆயினும், பருத்தவனெல்லாம் அடக்கமில்லாதவன் என்று கூறித் தலைநிமிர்ந்து திரிபவருக்கு இது நல்லதோர் பாடம்.

அறிவைப் பற்றியும் ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டிலே 2016 ஆகஸ்ட் முதலாந் தேதி தொடக்கம் இனிப்புக் குடிபானப் போத்தல்களிலே நிறக் குறி இடவேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலீற்றரிலே 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருந்தாற் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டவற்றிற்குச் செம்மஞ்சள். நல்ல விதியே. ஆனால் செம்மஞ்சட் குறியுடன், நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் சீனி கொண்ட அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் இருப்பது 50 கிராம் சீனி. தேக்கரண்டி ஒன்றுக்கு ஐந்து கிராம் என்று வைத்தால் பத்துக் கரண்டி.

நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு, சேர்த்துக்கொள்ளும் சீனி ஏறத்தாழ 50 கிராமுக்கு மேற்படலாகாது என்பதும், அதிற் பாதியே சிறந்தது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலிலிருந்து பெறப்படும். எனவே, வெயிலிலே விளையாடி வந்த ஒரு சிறுவன் ஒரு மூச்சில் குடித்து முடிக்கும் செம்மஞ்சட் போத்தல் ஒன்று, வளர்ந்தவர் ஒருவருக்குரிய ஒரு நாள் எல்லையைத் தொட்டுவிடுகின்றது. தேநீரிலே பத்துக் கரண்டி சீனி போட்டு ஒருவருக்குக் கொடுத்தால் அவர் கோப்பையைத் திருப்பித் தருவார். குளிர்ந்த போத்தலிலே அதே அளவை நாக்கு உணர்வதில்லை. கரைந்த சீனி வயிற்றை நிரப்புவதுமில்லை. அதைக் குடித்த பின்னரும் பிள்ளை வழக்கம் போலவே சோறு உண்பான்.

கணிதம் படித்த பத்தாந் தர மாணவருள் எத்தனை பேர் கடை வாசலிலே நின்று இந்தக் கணக்கைச் செய்வர்? அவர்கள் ஆசிரியனாகிய நான், வினாடி வினாவில் வென்ற பிள்ளைகளுக்குப் போத்தல்களை வாங்கியபோது செய்யவில்லையே!

பசி கற்பித்த பாடம்

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கொழும்பு நகருக்கு 1993இல் பிட்சா ஹட் வந்தது, 1995இல் கே.எப்.சி. வந்தது. அதே 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் யாவரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். மானிப்பாயாராகிய நாமும் அந்தச் சனவெள்ளத்திலே ஒரு துளியானோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. செம்மணி வெளியிலே மழையில் நின்ற அந்த இரவில், யாரோ ஒருவர் பிய்த்துக் கொடுத்த பாண் துண்டின் சுவை இன்னும் என் நாவிலே இருக்கின்றது.

அதற்கு முன்னும் பின்னும் பொருளாதாரத் தடைக் காலம். சீனி அருமையான பொருள். வெறுந் தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு. எங்கு செல்வதாயினும் துவிச்சக்கர வண்டிதான். அக்காலத்தை நான் புகழவில்லை. மெலிந்திருந்தோம் என்பதற்காகப் பசியைப் போற்றுபவன் பசியை அறியாதவன்.

அந்தப் பசியின் பிள்ளைகளே இன்றைய பெற்றோர். போர் 2009இல் முடிந்தது, பாதை திறந்தது, வெளிநாட்டிலிருந்து உறவினர் பணமும் வந்தது. யாழ்ப்பாண நகரின் நடுவே பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் ஒளிவிட்டன. நம் தெருக்களிலும் கொத்துரொட்டித் தகட்டின் ஓசை இரவு பத்து மணி வரை கேட்கின்றது. போர்க்காலத்திலே தோன்றிய 'மிதிவெடி' என்னும் பண்டம் இன்றும் அதே பெயருடன் கண்ணாடிப் பெட்டியிலே அமர்ந்திருக்கின்றது. முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி எண்ணெயிலே பொரித்த அதற்கு நம்மவர் விளையாட்டாக இட்ட பெயர் எவ்வளவு பொருத்தமானது!

என் மகன் உணவிலே கை வைக்குந்தோறும் என் தாயார் கூறுவார்: "பிள்ளை வடிவாச் சாப்பிடட்டும். நாங்கள் பட்டது காணும்." இச்சொற்களுக்கு எதிர்ச்சொல் கூற என்னால் இயலாது. அவற்றிலே அன்பு இருக்கின்றது, அழுகையும் இருக்கின்றது. கனடாவிலிருந்து வரும் மாமா பிள்ளைகளை நகருக்கு அழைத்துச் சென்று பொரித்த கோழி வாங்கிக் கொடுப்பதும் அந்த அன்பினாலேயே. விற்பவர் இதனை நன்கு அறிவர். அவர்கள் விற்பது கோழியை மட்டுமன்று. 'என் பிள்ளைக்கு நான் குறை வைக்கவில்லை' என்ற நிறைவையும் சேர்த்தே விற்கின்றனர்.

அந்த நிறைவின் விலையையும் கூற வேண்டும். 2005–2006 காலத்திலே இலங்கையில் நடத்திய ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. வடக்கும் கிழக்கும் அவ்வாய்விலே சேர்க்கப்படவில்லை. 2015இல் நாடளாவிய ஆய்வு நடந்தபோது, வளர்ந்தோரிலே நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் மிகை எடை உடையோராய் இருந்தனர். ஆண்களிலும் பெண்களே அதிகம்.

தென்னாசியராகிய நமக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கிலோ எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டெண். உலக வழக்கிலே அது 25ஐத் தாண்டினால் மிகை எடை. ஆசியருக்கோ 23 இலேயே ஆபத்துத் தொடங்குகின்றது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் எடுத்துரைத்தது. நீரிழிவு நம்மைத் தேடி வருவதற்கு நாம் மிகவும் பருத்திருக்க வேண்டியதில்லை. சிறிது வயிறு வைத்தாலே போதும்.

அரசும் ஆலையும்

அப்படியாயின் ஆலைகளும் பெருங்கடைகளும் செய்ய வேண்டியது யாது? 'மக்கள் கேட்கின்றனர், நாம் கொடுக்கின்றோம்' என்று அவை சொல்லும். இதற்கு இங்கிலாந்து ஒரு விடை தந்தது. இனிப்புக் குடிபானங்களிலே சீனியின் அளவுக்கேற்ப வரி விதிப்பதாக அந்நாட்டு அரசு 2016இல் அறிவித்தது. 2018 ஏப்பிரலில் வரி நடைமுறைக்கு வந்தது. வரி வருமுன்னரே பல நிறுவனங்கள் தம் பானங்களிலே சீனியைக் குறைத்துக்கொண்டன. முன்பு குறைக்க முடியாததாய் இருந்த சீனி, வரி என்றதும் குறைந்துவிட்டது! தெரிவு செய்யும் ஆற்றல் உண்பவனிடம் மட்டுமன்று, ஆக்குபவனிடமும் இருக்கின்றது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சிலி நாடு இன்னும் ஒருபடி மேலே சென்றது. சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த பொதிகளின் முகப்பிலே கரிய எண்கோணக் குறியை 2016 ஜூனிலிருந்து கட்டாயமாக்கியது. அத்தகைய பொதிகளிலே பிள்ளைகளைக் கவரும் கேலிச்சித்திர உருவங்களையும் நீக்குவித்தது. பாடசாலைகளிலே அவற்றின் விற்பனையையும் தடுத்தது.

நம் நாட்டிலும் 2017 நவம்பரிலே குடிபானச் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் என வரி விதித்தனர். ஓராண்டு சென்றதும், 2018இன் இறுதியிலே, அவ்வரியைக் குறைத்தனர். தனிமனிதன் ஒருவன் காலையிலே விரதம் பூண்டு மாலையிலே கைவிட்டால் அவனை மனவுறுதியற்றவன் என்கின்றோம். அரசு அவ்வாறு செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

மானிப்பாயிலே இருந்து இதனை எழுதும்போது ஒருவரை நினையாதிருக்க முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு முதல் நம்மூரிலே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியவை பற்றிய நூல்களைத் தமிழாக்கவும் செய்தார். தம் உடலைப் பற்றிய அறிவு மக்களுக்குத் தம் சொந்த மொழியிலே கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின், அதே ஊர்க் கடையிலே ஒரு பிஸ்கற் பொதியை எடுத்துப் பார்த்தேன். முகப்பிலே பெரிய எழுத்து, பின்புறத்திலே உருப்பெருக்கி கொண்டு படிக்க வேண்டிய பொடியெழுத்து. வாங்கத் தூண்டுவதைப் பெரிதாகவும், அறிய வேண்டியதைச் சிறிதாகவும் அச்சிட்டுவிட்டு, 'தெரிந்துதானே வாங்கினாய்?' என்று கேட்பது நீதியாகுமா?

பொறுப்பின் அளவுகோல்

இவ்வளவும் கூறியதனால் உண்பவருக்குப் பொறுப்பில்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். பொறுப்பில்லாதவன் அடிமை, நான் என் மாணவரை அடிமைகளாக வளர்க்க விரும்பவில்லை. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. எவருக்கு அறிவு மிகுதியோ, எவருக்கு மாற்றும் ஆற்றல் மிகுதியோ, அவருக்குப் பொறுப்பும் மிகுதி. இதுவே நான் கண்ட அளவுகோல்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போம். ஆலையிலே எத்தனை கிராம் சீனி சேர்ந்தது என்பதை அறிந்தவர் ஆலைக்காரர். அதனைக் குறைக்க வல்லவரும் அவரே. எனவே முதற்பொறுப்பு அவருக்கு. சட்டமியற்ற வல்லது அரசு. அதன் பொறுப்பு அடுத்தது. சந்தியிலே தகடு போட்டுக் கொத்துரொட்டி போடுபவர் தம் பிள்ளைகளின் படிப்புக்காக உழைக்கும் ஏழை. அவரைப் பன்னாட்டு நிறுவனத்தோடு ஒரே தராசில் நிறுத்தல் தகாது. ஆயினும் பழைய எண்ணெயை மறுநாளும் கொதிக்க வைக்காதிருப்பது அவர் கையிலும் உண்டு. பிறகு பெற்றோரும் ஆசிரியரும். இவர்கள் யாவருக்கும் பின்னரே, கையிலே காசும் கண்ணிலே ஆசையுமாகக் கடை வாசலில் நிற்கும் பிள்ளை வருகின்றான். நாமோ வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் நிற்க வேண்டியவனை முதலில் நிறுத்திச் சிரிக்கின்றோம்.

தாய்மாரே, தந்தைமாரே! உங்களை அஞ்சவைக்க நான் எழுதவில்லை. பிள்ளைக்கு ஒரு நாள் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்ததனால் உலகம் கவிழ்ந்துவிடாது. விசேட நாட் பண்டம் அன்றாடப் பண்டமாவதே கேடு. வீட்டிலே சோடாப் போத்தலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் குடிக்காதே என்பதிலும், வாங்கி வையாதிருப்பது எளிது. குரக்கன் பிட்டும், முருங்கையிலைச் சுண்டலும், ஒடியற் கூழும் ஏழ்மையின் சின்னங்களல்ல. அவற்றைப் பிள்ளைகள் முன் இழித்துப் பேசாதிருங்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிலே எவை விற்கலாம், எவை விற்கலாகாது என்பது பற்றிக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் உண்டு. பெற்றார் சங்கக் கூட்டங்களிலே அவற்றைப் பற்றிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்த பிள்ளையைப் 'குண்டன்' என்று எவரும் அழைக்க இடங்கொடாதீர்கள். அவமானம் எவரையும் மெலியச் செய்ததில்லை. ஒளித்துத் தின்னவே கற்பிக்கின்றது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒன்றே சொல்வேன். போத்தலைத் திருப்பிப் பாருங்கள். கிராமை ஐந்தால் வகுத்துக் கரண்டியாக்குங்கள். அந்தக் கணக்கைச் செய்த பின்னரும் குடிப்பதாயின் குடியுங்கள். அப்பொழுதுதான் அது உங்கள் தெரிவு. கணக்குச் செய்யாமற் குடிப்பது விளம்பரக்காரனின் தெரிவு.

இந்தத் தவணை தொடங்கிய முதல் நாள் அதே வகுப்புக்குச் சென்றேன். விவாத அரங்கின் தீர்ப்பு இன்னும் கூறப்படவில்லை என்று தொடங்கி, மேற்சொன்ன அளவுகோலை விளக்கினேன். பின்னர் பின்வரிசை மாணவனைப் பார்த்து, "நீ கேட்ட கேள்விக்கு விடை: நான் ஊட்டியவர் பக்கம். அன்றைக்கு அவர்கள் சிரித்தபோது தடுக்காதிருந்ததும் என் பிழை," என்றேன். வகுப்பு அமைதியாயிருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை; தலையைக் கவிழ்க்கவும் இல்லை.

சென்ற வாரம் எங்கள் பிள்ளைகள் இன்னொரு போட்டியிலே வென்றனர். இம்முறை கதலி வாழைப்பழமும், அவித்த கடலையும், ஒரு குடம் மோரும் வருவித்தேன். இரண்டு மூன்று முகங்கள் வாடின என்பதை மறைக்கமாட்டேன். "சோடா இல்லையோ, சேர்?" என்று ஒருவன் முணுமுணுக்கவுஞ் செய்தான். ஆயினும் குடத்திலே மோர் மிஞ்சவில்லை.